இரண்டு நூல்கள்: ஆப்பிரிக்கக் கிராமச் சபைகளில் போதகர் பயிற்சியும் பெண்கள் திட்டமும்

1

ஆப்பிரிக்கக் கிராமங்களில் வேலை செய்கிற கிறிஸ்தவ அமைப்புகளின் அறிக்கைகளை எடுத்துப் புரட்டினால் இரண்டு வகைப் புகைப்படங்கள் மாறிமாறி வரும். ஒன்றில், வேதாகமப் பயிற்சி முடித்த போதகர்கள் கையில் சான்றிதழோடு வரிசையாக நிற்பார்கள். அநேகமாக எல்லாரும் ஆண்கள். கோட்டு, டை, சிலருக்கு அங்கி. இன்னொன்றில் பெண்கள் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அல்லது தாங்கள் காய்ச்சிய சோப்புக் கட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். முதல் படத்துக்குக் கீழே 'போதகர் பயிற்சி' என்றும் அடுத்ததற்குக் கீழே 'பெண்களுக்கு அதிகாரமளித்தல்' என்றும் போட்டிருக்கும். இரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே நன்கொடையில், சில சமயம் ஒரே வாரத்தில் நடந்தவை. இவை ஏன் இரண்டாக இருக்கின்றன என்று மட்டும் எந்த அறிக்கையும் கேட்பதில்லை.

நான் கேட்க நினைப்பது அதைத்தான். தமிழில் நூல் என்றால் புத்தகம்; தைக்கிற இழையும் நூல்தான். நன்னூல்காரர் புத்தகம் எழுதுகிற புலவனை நூல் நூற்கிற பெண்ணாகவே உருவகித்துச் சொன்னார். அந்த உவமையில் ஒன்றாக இருந்தவை இந்த வளாகத்தில் பிரிந்துவிட்டன. ஆணுக்கு ஒரு நூல், பெண்ணுக்கு வேறொரு நூல். ஒருவருக்கு வார்த்தை, மற்றவருக்குக் கைத்தொழில். இந்தப் பங்கீடு இயல்பானது போலத் தோன்றுவதுதான் இதன் வெற்றி.

நம் சூழலில் இந்த விஷயத்துக்கு ரெடிமேடாக இரண்டு பதில்கள் இருக்கின்றன. சபை சார்ந்தவர்கள், 'இருண்ட கண்டத்தில் ஒளி பரவுகிறது' என்கிற பழைய கதையாடலை இப்போது 'வளர்ச்சி' என்ற புதிய சட்டை போட்டுச் சொல்கிறார்கள். நம் இடதுசாரி நண்பர்களோ, 'இதெல்லாம் அந்நிய நிதி, மக்கள் கோபத்தைத் தணிக்க வந்த தண்ணீர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இரண்டு பதில்களிலும் ஒரு பொது அம்சம் உண்டு. இரண்டிலும் அந்தப் பெண்களுக்கு வாய் கிடையாது. ஒன்றில் அவர்கள் பெறுகிறவர்கள், மற்றதில் ஏமாறுகிறவர்கள். கொடுக்கப்பட்டதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது இரண்டு பேருக்குமே தேவைப்படவில்லை. ஆனால் வரலாறு அங்கேதான் இருக்கிறது.

2

பிரிவினையின் வேர் பழையது. லண்டன் மிஷனரி சொசைட்டியை எடுத்துக்கொள்வோம். நமக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது இந்தச் சங்கத்தின் சார்பில்தான். அதே சங்கத்தின் ராபர்ட் மொஃபட் அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் குருமானில் உட்கார்ந்து செட்ஸ்வானா மொழிக்கு வேதாகமத்தைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். முழு வேதாகமமும் 1857இல் முடிந்தது. ஆண் மிஷனரி மொழிபெயர்ப்பான். அவன் மனைவி தைக்கக் கற்றுத் தருவாள். இங்கேயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். லேஸ் பின்னி வந்த காசு அடிமைத்தளையிலிருந்து சில பெண்களை மீட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கைத்தொழிலை நான் இழிவாகச் சொல்லவில்லை. என் கேள்வி, மொழிபெயர்ப்பு மேஜையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது.

அந்த மேஜையில் நடந்த ஒரு காரியத்தைப் பாருங்கள். நற்செய்தி நூல்களில் இயேசு துரத்துகிற 'பேய்'களுக்குச் செட்ஸ்வானா வேதாகமம் போட்ட சொல் 'பதிமோ'. பதிமோ என்றால் முன்னோர். குடும்பத்தைக் காப்பவர்கள், சண்டை வந்தால் சமாதானம் செய்பவர்கள். ஒரே ஒரு சொல்தான். அதன் மூலம் ஒரு மக்கள் கூட்டத்தின் பாட்டன்களும் பாட்டிகளும் பிசாசுகளாகிப் போனார்கள். போட்ஸ்வானாவைச் சேர்ந்த பெண்ணிய விவிலிய ஆய்வாளர் மூசா டுபே 1999இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. அதில் என்னை அதிகம் பாதித்தது காலனிய மொழிபெயர்ப்பின் வன்முறையைப் பற்றிய பகுதி அல்ல. அது நாம் எதிர்பார்ப்பதுதான். அதற்கு அடுத்த பகுதி. ஆப்பிரிக்கச் சுதந்திர சபைகளின் வைத்தியர்கள் இதே வேதாகமத்தைக் குறி பார்க்கும் எலும்புக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்கள். இயேசுவையும் கூப்பிடுகிறார்கள், பதிமோவையும் கூப்பிடுகிறார்கள். புத்தகம் துரத்திய முன்னோரைப் புத்தகத்தைக் கொண்டே திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். வாசிப்பு என்பது இதுதான். பிரதி ஆதிக்கத்தின் கையில் இருக்கலாம். வாசிப்பு எப்போதும் அதன் கையில் அடங்குவதில்லை.

பெண்களுடைய சங்கங்களிலும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க மெதடிஸ்ட் சபைகளில் 'மன்யானோ' என்ற ஜெபக் கூட்டங்கள் தோன்றின. சிவப்பு மேல்சட்டை, வெள்ளைக் காலர், கறுப்புப் பாவாடை. நகரங்களில் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்த பெண்களுக்கு வியாழக்கிழமை பிற்பகல்தான் ஓய்வு என்பதால் வியாழக்கிழமைக் கூட்டம். வரலாற்றாசிரியர் டெபரா கெய்ட்ஸ்கெல் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மேற்பார்வைக்கு வந்த மிஷனரிப் பெண்கள் தையலும் வீட்டு நிர்வாகமும் கற்றுத்தர விரும்பினார்கள். நல்ல மனைவி, நல்ல தாய் என்பது அவர்கள் கையிலிருந்த அச்சு. வந்திருந்த பெண்களோ அழுது ஜெபிக்கவும், எழுந்து நின்று பிரசங்கிக்கவும் விரும்பினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே 'எங்களுக்குத் தையல் வேண்டாம், வார்த்தை வேண்டும்' என்கிற மாதிரி ஒரு நிலைப்பாடு அங்கே எடுக்கப்பட்டிருக்கிறது. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் போனது தற்செயல் அல்ல.

கென்யாவின் கிக்கூயு மக்களிடையே நடந்தது இன்னும் கூர்மையானது. 1929இல் ஸ்காட்லாந்து மிஷன் பெண் உறுப்புச் சிதைப்பை விட்டுவிடுவதாக உறுதிமொழி கேட்டு, பெருவிரல் ரேகை வாங்கியது. மறுத்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். தனிச் சபைகளும் தனிப் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. இதை மிஷனரிக்கும் கிக்கூயு தேசியவாதிக்கும் நடந்த சண்டை என்றுதான் வரலாறு எழுதியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஆண்கள். நடுவில் பெண்ணின் உடல், சண்டைக்கான மைதானமாக. ஆனால் 1920களிலேயே துமுதுமுவில் கிக்கூயு கிறிஸ்தவப் பெண்கள் தாங்களாகவே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 'கியாமா கியா ங்கோ', அதாவது கேடயச் சங்கம். சடங்குக்கு உட்பட விரும்பாத பெண்பிள்ளைகளுக்குக் காவலாக நிற்பது அதன் வேலை. கிழக்கு ஆப்பிரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1982இல் முதல் பெண் போதகராக அபிஷேகம் பெற்ற ந்யம்புரா ஞொரோகே இந்தச் சங்கத்தைப் பற்றி 2000இல் ஒரு புத்தகமே எழுதினார். மிஷனரியும் பேசினான், தேசியவாதியும் பேசினான், கேடயம் பிடித்தவள் பெயர் மட்டும் எழுபது வருஷம் யாருக்கும் கேட்கவில்லை.

3

இனி போதகர் பக்கம் வருவோம். கிராமத்துப் போதகர் என்றதும் நம் மனசில் வருகிற வெள்ளை அங்கி மனிதர் அங்கே குறைவு. சொந்த நிலத்தில் மக்காச்சோளம் பயிரிடுகிறவர், பள்ளி வாத்தியார், சைக்கிள் கடைக்காரர்; அவர்தான் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கிக்கிறார். அபிஷேகம் பெற்ற போதகர் ஒருவர் பல சபைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்று நான்கு வருஷம் இறையியல் கல்லூரியில் போய் உட்கார வசதி உள்ளவர்கள் கொஞ்சம் பேர். இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை 1963இல் குவாத்தமாலாவில் கிடைத்தது. மாணவன் கல்லூரிக்கு வர முடியாவிட்டால் கல்லூரி மாணவனிடம் போகட்டும் என்று அங்கிருந்த பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி முடிவு செய்தது. வீட்டிலிருந்தே படிப்பது, வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியரோடு கூடிப் பேசுவது. 'விரிவாக்க இறையியல் கல்வி' என்ற இந்த முறை சீக்கிரமே ஆப்பிரிக்காவுக்கு வந்தது. 1976இல் ஜோஹன்னஸ்பர்க்கில் இதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கியது.

இதில் ஒரு ஜனநாயகக் கூறு இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. வயலை விட்டுவர முடியாதவனுக்காக உண்டாக்கப்பட்ட முறை, வீட்டை விட்டுவர முடியாதவளுக்கும் கதவைத் திறந்தது. நிறையப் பெண்கள் படித்தார்கள். படித்து? படித்து முடித்ததும் அவள் ஞாயிறு பள்ளி நடத்தலாம். மாதர் சங்கத்துக்குச் செயலாளராகலாம். அபிஷேகம் என்ற கதவு பல சபைகளில் சாத்தியே இருந்தது. திறந்த இடங்களிலும் மெதுவாகத்தான் திறந்தது. உகாண்டாவின் கபாலேயில் ஆங்கிலிக்கன் பிஷப் ஃபெஸ்டோ கிவெங்கெரே 1983இல் மூன்று பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார். ஆப்பிரிக்காவில் ஓர் ஆங்கிலிக்கன் பெண் பிஷப் வர 2012 ஆயிற்று. சுவாசிலாந்தின் எலினா வமுகோயா.

குருத்துவ மாணவர்கள் குடும்பத்தோடு தங்கிப் படிக்கிற கல்லூரிகளில் இன்னொரு ஏற்பாடு இருந்தது. கணவன் வகுப்பில் கிரேக்கம் படிப்பான். மனைவிக்குத் தனி வகுப்பு: சமையல், தையல், சுகாதாரம், போதகர் மனைவியாக நடந்துகொள்வது எப்படி. வளாகத்தை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அறிக்கையின் இரண்டு புகைப்படங்களும் இந்த இரண்டு வகுப்பறைகளின் பேரப்பிள்ளைகள். பெயர்தான் மாறியது. அன்றைக்கு 'மனைவிமார் வகுப்பு', இன்றைக்கு 'அதிகாரமளித்தல்'.

ஃபூக்கோ சொன்ன 'மேய்ப்பு அதிகாரம்' என்ற கருத்தாக்கம் இங்கே உதவும். மேய்ப்பனின் அதிகாரம் அரசனின் அதிகாரத்திலிருந்து வேறுபட்டது. அரசன் நிலத்தை ஆள்கிறான். மேய்ப்பன் மந்தையை ஆள்கிறான். மந்தை முழுவதையும் பார்க்க வேண்டும், ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாகவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பிள்ளை இல்லை, யார் இரவில் அழுகிறாள், எல்லாம் அவன் காதுக்கு வர வேண்டும். அக்கறையின் வடிவத்தில் வருவதால் இந்த அதிகாரத்தை எதிர்ப்பது கடினம். ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் தூரத்தில் இருக்கிற கிராமத்தில், புருஷன் அடித்த பெண் முதலில் போய் நிற்பது போதகர் வீட்டு வாசலில்தான். அவர் 'பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு' என்று சொல்லி அனுப்பினால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. ஆகவே போதகருக்கு என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது சபைக்குள் அடங்கிய விஷயம் அல்ல. ஒரு பெண் உயிரோடு இருப்பதும் இல்லாததும் சில சமயம் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

வாசல் மூடியிருந்தால் பெண்கள் சும்மாவும் இருந்துவிடவில்லை. மலாவியில் 1995இல் பிளாண்டயர் சினாடைச் சேர்ந்த பெண்கள், சபையில் தங்களுக்கு இழைக்கப்படும் பாகுபாடுகளைப் பட்டியலிட்டு ஊர்வலமாகப் போய் சினாட் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். கிடைத்த பதில், இடைநீக்கம். இதை ஆய்வு செய்து எழுதியவர் மலாவியின் இறையியலாளர் இசபெல் அபாவோ பிரி. செவா மக்களின் தாய்வழிச் சமூகத்தில் பெண்களுக்கு இருந்த சடங்குத் தலைமையைச் சபை எப்படிப் பிடுங்கிக்கொண்டது என்று 1997இல் ஒரு நூலும் எழுதினார். மிஷன் வருவதற்கு முன்னால் ஆப்பிரிக்கப் பெண் இருட்டில் கிடந்தாள் என்ற கதையாடல் இந்த இடத்தில் உடைகிறது. சில இடங்களில் அவள் கையிலிருந்ததைப் பிடுங்கிய பிறகுதான் 'அதிகாரமளிக்க' வந்திருக்கிறார்கள்.

4

இந்தச் சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். 'அதிகாரமளித்தல்' என்று நாம் மொழிபெயர்த்தோம். அளித்தல் என்றதும் அளிப்பவர் ஒருவர் நிற்கிறார், கை மேலே. வாங்குகிறவர் கை கீழே. ஈழத்தில் 'வலுவூட்டல்' என்கிறார்கள். ஊட்டுகிறவர் அங்கேயும் வந்துவிடுகிறார். சொல்லே கொடுப்பவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால் பெண்கள் திட்டங்கள் எல்லாமே தையல் மெஷின் வகையறா என்று தள்ளிவிட்டால் அதுவும் சோம்பேறித்தனம். 1991இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் நிறுவனம் ஆரம்பித்த 'மாதா மாசு துபாரா' என்ற சேமிப்புக் குழுக்களைப் பாருங்கள். வெளியிலிருந்து கடன் கிடையாது. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் கூடுவார்கள். தங்கள் காசைத் தாங்களே போட்டு, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, வருஷக் கடைசியில் வட்டியோடு பிரித்துக்கொள்வார்கள். சீட்டுப் போட்டுப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தக் குழுக்கள் ஆப்பிரிக்காவெங்கும் பரவின. சபைகளும் எடுத்துக்கொண்டன, பல ஊர்களில் கூட்டம் நடப்பது சபைக் கட்டடத்தில்தான். குழுவின் நடுவில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று வேறு ஆட்களிடம். மூன்று பேரும் வராமல் பெட்டி திறக்காது; திறப்பதும் எண்ணுவதும் எல்லார் கண் முன்னாலும்தான். எழுதப் படிக்கத் தெரியாதவளும் கணக்கை மனசில் வைத்துக்கொள்வாள்.

கானா, மலாவி, உகாண்டா நாடுகளில் இப்படிப்பட்ட குழுக்களைக் கார்லன் முதலிய பொருளாதார ஆய்வாளர்கள் பரிசோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். சேமிப்பும் கடன் வசதியும் கூடியிருக்கின்றன. வீட்டுத் தொழில்களில் முன்னேற்றம் உண்டு. பெண்களின் சொல்லுக்கு வீட்டில் ஓரளவு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் குடும்பத்தின் சராசரி நுகர்வு கூடியதற்குச் சான்று இல்லை. அறிக்கைகளின் ஆரவாரத்துக்கும் நம் நண்பர்களின் ஒரு வரித் தீர்ப்புக்கும் நடுவே உண்மை இப்படி அடக்கமாக நிற்கிறது. வறுமை போய்விடவில்லை. அவசரத்துக்கு யாரிடமும் கையேந்தாமல் எடுத்துக்கொள்ள ஒரு பெட்டி இருக்கிறது. அது சின்ன விஷயமா? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரியில் அது சின்ன விஷயம் இல்லை.

அதன் எல்லையும் அங்கேயே தெரிகிறது. பெட்டியை மூன்று சாவி போட்டுத் திறக்கத் தெரிந்த அதே பெண், அதே கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே உட்கார்ந்து, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை கிடைத்த மதிப்பை ஞாயிற்றுக்கிழமை பறித்துவிடுகிறது. இரண்டு திட்டங்களையும் தனித்தனியாக நடத்துவதால் வருகிற வினை இது.

5

அப்படியானால் சேர்த்துவிடலாமே? சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசின் இத்தூரி மாகாணத்தில், போரால் சிதைந்த 15 கிராமங்களில், பிரிட்டனின் டியர்ஃபண்ட் அமைப்பு 2015க்கும் 2018க்கும் இடையில் ஒரு திட்டம் நடத்தியது. மதத் தலைவர்களுக்கு முதலில் பயிற்சி. என்ன பயிற்சி? ஆண்மை என்றால் என்ன, வேதத்தைக் காட்டி அடிப்பதற்கு வேதத்தில் இடம் உண்டா என்பது. அவர்கள் அதைப் பிரசங்கத்தில் எடுத்துப் பேச வேண்டும். ஊரில் ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாகச் சில வாரம் கூடிப் பேசி, பிறகு சேர்ந்து உட்கார வேண்டும். தொடங்கும்போது எடுத்த கணக்கில், முந்தின ஒரு வருஷத்தில் துணைவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் 69 சதம். முடிவில் 29 சதம்.

இந்த எண்ணை நான் இரண்டு விதமாகவும் படிக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் நடக்காத கிராமங்கள் அந்த ஆய்வில் இல்லை. ஆகவே இறக்கம் முழுவதும் பயிற்சியால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. போதகர் கண்டித்துப் பேசிய பிறகு அடித்ததை வெளியே சொல்வதும் கூச்சமாகியிருக்கலாம். இருந்தாலும், பாதிக்கு மேல் இறக்கம். அதில் பாதி உண்மை என்றாலும், அத்தனை முதுகுகளில் அத்தனை அடி விழவில்லை என்று அர்த்தம். கோட்பாடு பேசுகிற நாம் அந்த முதுகுகளைத் தாண்டிக்கொண்டு போய்விட முடியாது.

ஆனாலும் சங்கடம் தீரவில்லை. இங்கே அடி குறைந்தது யார் சொல்லி? போதகர் சொல்லி. நேற்று 'பொறுத்துக்கொள்' என்று சொன்ன அதே பீடம், இன்றைக்கு 'அடிக்காதே' என்கிறது. பீடம் அப்படியே இருக்கிறது. முன்னைவிட மரியாதை கூடிப்போயும் இருக்கிறது. நாளைக்கு வேறொரு போதகர் வந்து வேறு வசனத்தைத் திறந்தால்? பெண்ணின் பாதுகாப்பு மேய்ப்பனின் நல்ல மனசில் தொங்குகிறது. மேய்ப்பு அதிகாரம் நல்லது செய்யும்போதுதான் ஆழமாக வேர்விடுகிறது. திட்டத்தை நிராகரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

6

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அது நன்கொடையாளர் அறிக்கையில் அதிகம் வராது, ஏனென்றால் அதைப் படம் பிடிக்க முடியாது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரு பிரதியை வாசிப்பது.

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள உஜமா மையமும் அதன் முன்னோடி நிறுவனமும், ஜெரால்ட் வெஸ்ட் முதலியோரின் முயற்சியில், ஏழைகளோடு சேர்ந்து வேதம் வாசிக்கிற ஒரு முறையை வளர்த்தன. 1996இல் ஒரு பயிலரங்கில் அவர்கள் எடுத்த பகுதி 2 சாமுவேல் 13ஆம் அதிகாரம். தாவீதின் மகள் தாமாரை அவள் அண்ணன் அம்னோன் கெடுத்த கதை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இதை யார் வாசிக்கிறார்கள்? வேதத்தில் இப்படி ஒன்று இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. வட்டத்தில் பிரசங்கம் கிடையாது. கேள்விகள் மட்டும். கதையில் எத்தனை ஆண்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள்? யோசனை சொன்ன யோனதாப் இருக்கிறான். தெரிந்தோ தெரியாமலோ அவளை அனுப்பி வைத்த தகப்பன் இருக்கிறான். கதவைச் சாத்திய வேலைக்காரன் இருக்கிறான். 'பேசாமல் இரு' என்று அடக்கிய கூடப்பிறந்தவன் இருக்கிறான். தாமார் என்ன செய்தாள்? வாதாடினாள், மறுத்தாள், அங்கியைக் கிழித்தாள், தலையில் சாம்பல் போட்டுக்கொண்டு சத்தமிட்டு அழுதுகொண்டே தெருவில் போனாள். உங்கள் ஊரில் தாமார் உண்டா? இந்தக் கேள்வி வந்ததும் வட்டம் உடைந்துபோகும். அதுவரை கதை, அதற்குப் பிறகு சாட்சியம். 2000இல் இது 'தாமார் இயக்கம்' என்ற பெயரில் வெளியே வந்தது. 2005இல் கென்யாவுக்கும் போனது. பிறகு அம்னோன் பக்கமிருந்து, ஆண்மை பற்றிய கேள்வியாக இதே அதிகாரத்தை வாசிக்கிற பாடங்களும் உருவாயின.

போதகர் பயிற்சியையும் பெண்கள் திட்டத்தையும் பிரித்த கோடு இங்கே அழிகிறது. பெண்கள் கையில் இருப்பது புத்தகம். ஆனால் அது சான்றிதழுக்கான புத்தகமில்லை. வன்முறை பற்றிய பேச்சு மேலேயிருந்து இறங்கவில்லை. கீழேயிருந்து, பிரதியின் வாயைப் பிளந்துகொண்டு வருகிறது. ஸ்பிவக் 1988இல் கேட்ட 'விளிம்புநிலையினர் பேச முடியுமா' என்ற கேள்வியை நம் பத்திரிகைகளில் ரொம்பவே அரைத்திருக்கிறோம். பேசினால் கேட்க ஓர் அமைப்பு வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளடக்கம். இந்த வட்டம் கேட்பதற்கான ஓர் ஏற்பாடு. இதிலும் கேள்வியைத் தயாரிப்பது பல்கலைக்கழகம்தானே என்று ஒருவர் மடக்கலாம். சரிதான். இதுமெலெங் மொசாலா 1989லேயே இன்னும் கடுமையாகச் சொன்னார்: வேதாகமமே ஆளும் வர்க்கத்தின் கை பட்டது, அதற்குள் வர்க்கப் போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அதை அப்பாவிப் பிரதியாக எடுத்துக்கொள்ளாதே. தாமாரின் கதையும் அரண்மனைக் கதைதான்; அழுத பெண்ணை அண்ணன் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, வாரிசுச் சண்டையைப் பார்க்கப் போய்விடுகிறது. ஆகவே வாசிப்பு பிரதியோடு சேர்ந்து போவது மட்டுமல்ல, அதோடு மல்லுக்கு நிற்பதும்தான். அந்தப் பெண்கள் இரண்டும் செய்கிறார்கள்.

புத்தகத்தையே கடந்து நிற்பவர்களும் உண்டு. மூசா டுபே போட்ஸ்வானாவின் சுதந்திர சபைப் பெண்களோடு கானானியப் பெண்ணின் கதையை வாசித்து 1996இல் எழுதினார். இந்தச் சபைகளில் பெண்களே சபை நிறுவியிருக்கிறார்கள், பிஷப்பாகியிருக்கிறார்கள். எந்த அதிகாரத்தில் என்று கேட்டால் அவர்கள் வசனத்தைக் காட்டுவதில்லை. ஆவி பேசியது என்கிறார்கள். 'மோயா', ஆவி. இதை மூடநம்பிக்கை என்று சொல்ல நம்மில் பலருக்கு நாக்கு துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். புத்தகம், கல்லூரி, சான்றிதழ், அபிஷேகம் என்று எல்லா வாசலிலும் காவல் போட்டிருக்கிற இடத்தில், காவல் போட முடியாத ஒரு வாசலை அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். காங்கோ ராஜ்யத்தில் கிம்பா வீத்தா என்ற இளம்பெண் புனித அந்தோனியார் தனக்குள் பேசுவதாகச் சொல்லி மக்களைத் திரட்டினாள்; 1706இல் பிடித்து எரித்தார்கள். ஆவி என்ற வாசல் ஆபத்தில்லாத வாசலும் அல்ல.

இவற்றையெல்லாம் சிந்தனையாக்கியதும் ஆப்பிரிக்கப் பெண்களே. கானாவின் மெர்சி அம்பா ஒடுயோயே முன்னின்று 1989இல் அக்ராவில் தொடங்கிய ஆப்பிரிக்கப் பெண் இறையியலாளர் வட்டத்திலிருந்துதான் நான் மேலே பெயர் சொன்ன பலரும் வந்தார்கள். அவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் சண்டை போட வேண்டியிருந்தது. 'இது நம் பண்பாடு' என்று வாயடைத்த சொந்த ஆண்களோடு ஒரு பக்கம். 'பாவம் ஆப்பிரிக்கப் பெண்' என்று உச்சுக் கொட்டிய மேற்கத்தியப் பெண்ணியத்தோடு மறுபக்கம். பண்பாட்டைக் கும்பிடவும் மறுத்தார்கள், குப்பையில் போடவும் மறுத்தார்கள். இந்த நிலைப்பாடு நம்முடைய விவாதங்களில் அபூர்வம் என்பதால் சொல்கிறேன்.

7

இவ்வளவுக்குப் பிறகு ஒரு சபைத் திட்டத்தை எதை வைத்து அளப்பது? எத்தனை போதகர்கள் பட்டம் பெற்றார்கள், எத்தனை மெஷின் கொடுத்தார்கள் என்கிற கணக்கு போதாது என்பது தெளிவு. வன்முறை எத்தனை சதம் குறைந்தது என்பது முக்கியமான கணக்கு. அதுவும் முழுக் கணக்கு அல்ல. என்னுடைய அளவுகோல் மராடிப் பெண்களின் பெட்டியிலிருந்து வருகிறது. பணத்தை ஒரே கையில் விடக்கூடாது என்று அந்தப் பெண்களின் பெட்டிக்கு மூன்று பூட்டுப் போட்டார்கள். எல்லார் கண் முன்னாலும் திறக்க வேண்டும் என்றார்கள். யாரையும் சந்தேகப்பட்டு அல்ல; அதிகாரம் ஒரே சட்டைப்பையில் கிடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால். ஆனால் அதே கட்டடத்தில், அவர்கள் வாழ்க்கையை அதைவிட அதிகமாகத் தீர்மானிக்கிற இன்னொரு பெட்டி இருக்கிறது. அர்த்தத்தின் பெட்டி. எந்த வசனம் செல்லும், எது செல்லாது, யார் பேசலாம், யார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான். அதற்கு ஒரே சாவி. அது போதகர் பையில். பயிற்சி என்ற பெயரில் அந்த ஒற்றைச் சாவிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தையல் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போதகருக்கும் கற்றுக்கொடுங்கள், அவசியம் கற்றுக்கொடுங்கள். ஆனால் அடுத்த முறை பாடத்திட்டம் போடும்போது, தாமாரை வாசித்த பெண்கள் ஆசிரியராக வந்து உட்காரட்டும், போதகர்கள் அவர்கள் முன்னால் மாணவராக உட்காரட்டும். அதற்குச் சம்மதிக்காத எந்தத் திட்டத்தையும் பெண்களுக்கான திட்டம் என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. இது ஆப்பிரிக்கச் சபைகளுக்கு மட்டும் கேட்கிற கேள்வியா என்று வாசகர் கேட்டால், கோயிலோ கட்சியோ சிறுபத்திரிகையோ, அவரவர் கட்டடத்தில் சாவி யார் பையில் இருக்கிறது என்று அவரவரே தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.